வளைந்த வரப்பும் செவ்வகங்களும்

நேர் வரப்புள்ள கழனியை அளப்பது எளிது. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும். ஆனால் அபிஷேகப்பாக்கத்தில் வாய்க்காலை ஒட்டிய கழனிக்கு ஒரு வரப்பு வளைந்திருந்தால் என்ன செய்வது?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. சித்தப்பாவுக்கு 40 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ள நேரான துண்டு. பரப்பு 640 சதுர மீட்டர். அவள் அப்பாவுக்கு வாய்க்காலோரத் துண்டு. அதற்கும் நீளம் 40 மீட்டர்தான். அகலம் மட்டும் ஒரு முனையில் 10, மறுமுனையில் 22. இரண்டுக்கும் சராசரி 16, ஆகவே இதுவும் 640 என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். தோழிக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சனிக்கிழமை கயிறும் முளைக்குச்சியுமாக நாங்கள் நால்வர் புறப்பட்டோம்.

கழனி வட்டமாக இருந்தால் கவலையில்லை. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கும் வழியைக் காரி நாயனாரின் கணக்கதிகாரமே கூறுகிறது. வாய்க்காலோ எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காமல் தன் போக்கில் வளைந்து கிடந்தது.

நேர் வரப்பில் 10 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலிருந்தும் வாய்க்கால்வரை செங்குத்தாக அளந்தோம். அகலங்கள் 10, 15, 19, 21, 22. நான்கு பட்டைகள் கிடைத்தன. ஒவ்வொரு பட்டையிலும் சிறிய அகலத்தைக் கொண்டு செவ்வகம் அமைத்தால் அது கழனிக்குள்ளேயே அடங்கிவிடும், மொத்தம் 650. பெரிய அகலத்தைக் கொண்டால் செவ்வகங்கள் வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், மொத்தம் 770. உண்மைப் பரப்பு இவற்றுக்கு நடுவே. உள்ளே அடங்கியதே 650 என்றால் 640 எப்படிச் சரியாகும்?

5 மீட்டருக்கு ஒரு குச்சி வைத்து மறுபடி அளந்தோம். (சேற்றில் ஒரு செருப்புப் போயிற்று.) இடையில் கிடைத்த அகலங்கள் 12.8, 17.2, 20.2, 21.6. இப்போது உள்தொகை 684, வெளித்தொகை 744. வித்தியாசம் 120-இலிருந்து சரிபாதியாக 60-க்கு இறங்கிவிட்டது!

காரணம் அழகானது. உள்செவ்வகத்துக்கும் வெளிச்செவ்வகத்துக்கும் இடையே ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிறு துண்டு மிஞ்சுகிறது. கழனி ஒரே சீராக அகன்றுகொண்டே போவதால், அத்துண்டுகளையெல்லாம் பக்கவாட்டில் நகர்த்திக் கடைசிப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அடுக்கின் உயரம் 22-இல் 10 போக 12. அகலம் ஒரு பட்டையின் அகலம். பட்டை 1 மீட்டரானால் வித்தியாசம் 12 சதுர மீட்டர்தான். பட்டை எவ்வளவு குறுகினாலும் இந்த நியாயம் மாறாது. இதையே நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’ நூலின் தொடக்கத்தில் நிறுவியிருக்கிறார். மேல்வகுப்பில் வரும் தொகை நுண்கணிதத்துக்கு இதுவே வாசற்படி.

எங்கள் பக்கத்தில் 1 குழி என்பது 576 சதுர அடி, ஏறத்தாழ 53½ சதுர மீட்டர். வாய்க்காலோரத் துண்டு குறைந்தது 684 என்றால், அப்பாவின் பங்கில் 44 சதுர மீட்டராவது கூடுதல். முக்கால் குழிக்கும் மேல். தோழி வெகுநேரம் பேசவேயில்லை. குறைந்திருக்கும் என்று அஞ்சியல்லவா அளக்கக் கிளம்பினாள்!

அன்றிரவே தாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு மீட்டருக்கு ஒரு குச்சி வைத்து அளந்து காட்டுங்கள்” என்றாராம். நாற்பத்தொரு குச்சிகள் சீவி வைத்திருக்கிறோம்.