மறைவிட முடி நீக்கம்

மறைவிட முடி நீக்கம் என்பது அடிவயிற்றின் கீழ்ப்பகுதி, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள பகுதி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பூப்புப் பருவத்தில் வளரும் முடியைக் கத்தரித்தோ, மழித்தோ, மெழுகால் பிடுங்கியோ, வேதிப்பொருள் தடவியோ அகற்றுவதாகும். உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம் இது. உடல்நலத்துக்கு இது கட்டாயத் தேவை அல்ல. செய்துகொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பத்தையும் மரபையும் பொறுத்தது. ஆனால் செய்வதென்றால், முகச் சவரம் போலத்தானே என்று எண்ணிச் செய்யக்கூடாது. அங்குள்ள தோல் வேறு வகையானது.

பூப்பும் முடியும்

மறைவிட முடி வளர்வது பூப்பின் அடையாளங்களுள் ஒன்று. பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டானர் பூப்பு வளர்ச்சியை 5 நிலைகளாகப் பிரித்தபோது, இந்த முடியின் அளவையும் பரவலையும் ஓர் அளவுகோலாகக் கொண்டார். நடக்கும்போது தோலும் தோலும் உரசுவதை இம்முடி குறைக்கிறது.

முடி இருந்தாலே அழுக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. நாள்தோறும் குளிக்கும்போது தண்ணீராலும் மென்மையான சோப்பாலும் வெளிப்பகுதியைக் கழுவினால் போதும். பெண்கள் உறுப்பின் உட்பகுதிக்குச் சோப்பு பயன்படுத்தக்கூடாது.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் உண்டு. அதை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கடந்துபோன ஆசிரியர்களில் நானும் ஒருவன். வீட்டிலும் யாரும் சொல்லித்தருவதில்லை. பிள்ளைகள் அப்பாவின் பழைய பிளேடை எடுத்துக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாமாகவே செய்துபார்க்கிறார்கள். காயம் பட்டாலும் வெளியே சொல்வதில்லை.

மருத்துவமனைகளில் மாறிய வழக்கம்

பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ சேர்ந்தவுடன் அப்பகுதியை முழுக்க மழித்துவிடுவது மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. கிருமித் தொற்றைத் தடுக்கும் என்று நம்பியே அப்படிச் செய்தார்கள். ஆய்வுகள் காட்டியது இதற்கு நேர்மாறானது. பிளேடு பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் விழுகின்றன; அவற்றில் கிருமிகள் தங்கிப் பெருகுகின்றன. இயல்பான பிரசவம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1996-இல் வெளியிட்ட வழிகாட்டி, வழக்கமாக மழிப்பதைக் கைவிட வேண்டிய செயல்களின் பட்டியலில் வைத்தது. அறுவைச் சிகிச்சைத் தொற்று பற்றிய 2016-ஆம் ஆண்டு வழிகாட்டியில், முடியை நீக்காமல் விடலாம், நீக்கியே ஆகவேண்டுமென்றால் கிளிப்பர் கருவியால் கத்தரிக்கலாம், மழிக்கக்கூடாது என்றது. வீட்டில் செய்துகொள்பவர்களுக்கும் இந்த மாற்றத்தில் ஒரு பாடம் உள்ளது.

இஸ்லாமிய மரபில் மறைவிட முடியை நீக்குவது தூய்மைக் கடமைகளுள் ஒன்றாகும்; 40 நாள்களுக்கு மேல் விட்டுவைக்கக்கூடாது என்பது நபிமொழி. தமிழ் முஸ்லிம்களும் இதைக் கடைப்பிடிக்கின்றனர். எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும் தோலுக்கான எச்சரிக்கைகள் ஒன்றே.

ஏன் எளிதில் புண்ணாகிறது

இப்பகுதித் தோல் மெல்லியது, மடிப்புகள் நிறைந்தது, எப்போதும் ஈரமும் வெப்பமும் உடையது. விதைப்பையின் தோல் சுருங்கி விரிவதால் பிளேடுக்குச் சமதளமாகக் கிடைக்காது. முடியோ சுருண்டு வளர்வது. சுருள்முடியை ஒட்ட மழித்தால் அதன் நுனி கூராகிவிடும். வளரும்போது வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். உடல் அதை வெளிப்பொருளாகக் கருதி எதிர்க்க, சிவந்த கொப்புளம் உண்டாகிறது. அதை நகத்தால் கிள்ளினால் கருந்தழும்பு மிஞ்சும். மயிர்க்காலில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி புகுந்தால் சீழ்க்கொப்புளம் வரும்; இது மயிர்க்கால் அழற்சி எனப்படும்.

அமெரிக்காவில் சுமார் 7,500 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், இம்முடியை நீக்குபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் எப்போதாவது காயப்பட்டிருந்தார். அக்காயங்களில் வெட்டுக்காயமே மிகுதி.

கத்தரிப்பதும் மழிப்பதும்

எல்லா முறைகளிலும் ஆபத்து குறைந்தது கத்தரித்தல். சீப்பு போன்ற காப்புப் பட்டை பொருத்திய டிரிம்மரால் சில மில்லிமீட்டர் நீளம் விட்டுக் கத்தரித்தால் தோலில் கத்தி படாது, முடி உள்ளே வளராது, அரிப்பும் குறைவு. கத்தரிக்கோல் என்றால் நுனி மழுங்கியதாக இருக்கட்டும். தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே ஒரு சீப்பை வைத்து, நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் வெட்ட வேண்டும். முதன்முறையாகச் செய்யும் இளையோருக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து.

மழித்தே ஆகவேண்டும் என்பவர்கள் முதலில் நீண்ட முடியைக் கத்தரித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்து முடி ஊறியபின் சவர நுரையோ ஜெல்லோ தடவி, புதிய பிளேடு கொண்டு, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே அழுத்தாமல் இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பு கூடும், கொப்புளமும் கூடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்கக்கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். சவரக்கடையில் முகத்தில் தேய்க்கும் படிகாரம், ஆஃப்டர்ஷேவ், டெட்டால் எதுவும் இங்கே வேண்டாம். அன்று முழுவதும் தளர்வான பருத்தி உள்ளாடை அணிவது நல்லது.

மழிக்க மழிக்க முடி தடித்து வளரும் என்பது உண்மையில்லை. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

ரேசரை வீட்டில் உள்ளவர்களுடன்கூடப் பகிர்ந்துகொள்ளக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே ஹெபடைடிஸ் பி வைரஸைப் பரப்பப் போதும். பயன்படுத்திய பிளேடை தடித்த தாளில் சுற்றி ஒட்டிய பின்பே குப்பையில் போட வேண்டும். அதைக் கையால் அள்ளுபவர் ஒருவர் இருக்கிறார்.

கிரீமும் மெழுகும்

முடி நீக்கும் கிரீம்களில் தயோகிளைக்கோலேட் உப்புகள் உள்ளன. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இணைத்துப் பிடித்திருக்கின்றன. வலுவான காரத்தன்மையில் தயோகிளைக்கோலேட் அப்பிணைப்புகளை உடைக்க, முடி கூழாகி வழிந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் தோலின் மேலடுக்கும் கெரட்டின்தான். அதனால்தான் உறையில் நிமிடக் கணக்கு அச்சிட்டிருக்கிறார்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் விட்டால் நன்றாகப் போகும் என்று நினைப்பவர்களுக்குக் கிடைப்பது வேதிப்புண். அப்பகுதிக்கு ஏற்றது என்று உறையில் எழுதியிருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். அப்போதும் முந்தைய நாளே தொடையில் சிறிதளவு தடவிப் பார்க்க வேண்டும். பெண்ணுறுப்பின் உள்ளிதழ்கள், ஆண்குறியின் முனை, ஆசனவாய் ஆகியவற்றில் ஒருபோதும் படக்கூடாது.

மேற்கு ஆசியாவில் ஒருகாலத்தில் சுட்ட சுண்ணாம்பையும் அரிதாரத்தையும் குழைத்து முடி நீக்கினார்கள். அரிதாரம் ஆர்சனிக் சேர்ந்த நஞ்சு. நாட்டுமருந்து என்ற பெயரில் இன்னதென்று தெரியாத பொடி விற்றால் தொடாமல் இருப்பதே நல்லது. மேலுதட்டு முடிக்காகப் பெண்கள் பூசும் குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள் கலவையையும் இங்கே பூச வேண்டாம். ஒவ்வாமை வந்தால் எரிச்சல் தாங்காது.

மெழுகு முடியை வேரோடு பிடுங்குவதால் வளர நாளாகும். ஆனால் சூட்டுக்காயமும் தோல் உரிதலும் நேரலாம் என்பதால் பயிற்சி பெற்றவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்களும் மெழுகைத் தவிர்க்க வேண்டும். லேசர் சிகிச்சை முடியைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. கருநிறத் தோலுக்கு ஏற்ற 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் உண்டு; தோல் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும்.

அரிப்பு வந்தால்

மழித்த இரண்டு மூன்று நாளில் முடி முளைக்கும்போது அரிப்பது இயல்பு. சில நாளில் அடங்கும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் தொடையிடுக்கில் படர்தாமரையும் அடிக்கடி வரும். வட்டமாகப் பரவி, விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்து காணப்பட்டால் அது படர்தாமரையாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் பூசுபவர்கள் பலர். முதலில் அரிப்பு நின்றுவிடும். பூஞ்சை உள்ளுக்குள் பரவும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கீறல் விழும்.

சர்க்கரை நோயாளிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பிளேடைத் தொடாமல் டிரிம்மரோடு நின்றுவிடுவது நல்லது. கொப்புளங்களுக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்து, ஆறும்வரை மழிக்காமல் இருந்தால் பெரும்பாலும் போதும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ்க்கட்டி, அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், காயத்துக்குப் பொருந்தாத கடுமையான வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவமனைத் தோல் நோய்ப் பிரிவில் இதைவிடச் சங்கடமானவற்றையும் தினமும் பார்க்கிறார்கள். ஆண் மருத்துவரா, பெண் மருத்துவரா என்று கேட்டுப் போகவும் தடையில்லை. மழித்ததால் வந்தது என்பதை மறைக்காமல் சொன்னால் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.