கடத்தைக் கேளுங்கள்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சூளை பிரித்ததும் முதல் வேலை தட்டிப் பார்ப்பதுதான். கப்பாக இருந்தால் பிடியை ஒரு விரலில் தொங்கவிட்டு, மறு கை நகத்தால் ஒரு சுண்டு. 'ணங்' என்று ஓசை நீண்டு போனால் நல்ல சரக்கு. 'டொக்' என்று அங்கேயே செத்துப் போனால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். எங்கள் யூனிட்டில் சரக்குப் பிரிக்கும் பெண்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இதைச் செய்வோம். கை தட்டும், வாய் பேசும், காது மட்டும் தன் வேலையில் இருக்கும்.

இப்படிப் பழகிய காதுக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. பாட்டு எதுவானாலும், அதில் மண்ணோ மரமோ தோலோ எங்கே ஒலிக்கிறது என்றுதான் முதலில் தேடும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கச்சேரிப் பதிவு என்னை இப்படிப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அந்தப் பதிவின் அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு மண்பானை.

1975 ஜூலை 5. அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரி. மேடையில் 'சக்தி' என்ற குழு. கிடார் ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்துக்காரர், 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற ராக்-ஜாஸ் குழுவைத் தொடங்கி, காதைப் பிளக்கும் மின்சாரக் கிடாரால் உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழோடு அவர் கையில் எடுத்தது மின்சாரம் இல்லாத மரக் கிடார். வயலின் எல். சங்கர்; சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்தவர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். தபலா ஜாகிர் உசேன். மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர். கடம் டி.எச். விநாயக்ராம், நாம் 'விக்கு' என்று அழைக்கும் அதே விக்கு. அன்று விக்குவுக்கு வயது 32, மெக்லாஃப்லினுக்கு 33, சங்கருக்கு 25, ஜாகிருக்கு 24. இளரத்தத்தின் துடிப்பைப் பதிவு முழுக்கக் கேட்கலாம்.

அந்தக் கச்சேரிதான் 1976இல் 'சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்' என்ற இசைத்தட்டாக வந்தது. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது 'ஜாய்', சுமார் 18 நிமிடம். அடுத்தது 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவதன் பெயர் ஒரு வரிக்கு மேல் நீளும். வாசிப்பும் ஏறத்தாழ 29 நிமிடம்.

29 நிமிடம் என்ன செய்வார்கள் என்று கச்சேரி கேட்காதவர்கள் கேட்கலாம். எழுதி வைத்ததை வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதியெல்லாம் மனோதர்மம், அந்த நேரத்தில் கைக்கு வருவது. ராக்கில் இதை 'ஜாம்' என்பார்கள். ஆனால் தோன்றியபடி வாசிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. தாளம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் எவ்வளவு தூரம் போகலாம், எந்தச் சந்தில் புகுந்து வரலாம் என்பதுதான் அவரவர் இஷ்டம். ஒருவர் நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, கேள்வி கேட்பார், இன்னொருவர் அதே நீளத்தில் பதில் சொல்வார். பிறகு இரண்டு, ஒன்று, பாதி என்று குறைந்து குறைந்து கடைசியில் கேள்வியும் பதிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. புதிது என்னவென்றால், கிடாரும் வயலினும்கூட அந்தக் கணக்குக்குள் இறங்கிவிடுகின்றன.

இந்த ஆல்பத்தை என் போனில் ஏற்றிக்கொடுத்தவன் என் தம்பி மகன். "கிடாரைக் கேளுங்க அத்தை, என்னா ஸ்பீடு!" என்றான். வேகம் உண்மைதான். சில இடங்களில் எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே படும். "நீ கடத்தைக் கேளுடா" என்றேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் கழித்து, "அத்தை, இது ஒரே பானைதானா?" என்றான்.

ஒரே பானைதான். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து மடியில் வைத்திருப்பார் வித்வான். வயிறு வாயை மூடினால் ஓர் ஓசை, சற்று விலகினால் இன்னொன்று. அந்த விலகலில்தான் அடியிலிருந்து 'கும்' என்று கனமான நாதம் எழும்பும். கழுத்தருகே விரல் நுனி பட்டால் கூர்மை. நடுவயிற்றில் உள்ளங்கை விழுந்தால் வேறு. நகத்துக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று. மிருதங்கத்தைப் போல வார் இழுத்துச் சுருதி கூட்ட இதில் வழியில்லை. சூளையில் என்ன சுருதி அமைந்ததோ அதுதான். அதனால் பாடகருக்கு ஏற்ற கடத்தைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போகப் பலவற்றை வைத்திருப்பார்கள்.

எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும்: கடத்தைப் பீங்கானில் செய்தால் என்ன? பீங்கான் 1200 டிகிரிக்கு மேல் வெந்து, உள்ளே கண்ணாடிபோல இறுகிவிடும். தட்டினால் கோயில் மணியாக நீளும். அந்த நீளம் எங்களுக்கு நல்ல சரக்கின் அடையாளம், கடத்துக்கு ஆகாது. முதல் தாளச் சொல் அடங்குவதற்குள் அடுத்த மூன்று சொல் விழுந்தால் எல்லாம் குழம்பிப் போகும். மண்பானை குறைந்த சூட்டில் வேகிறது; உள்ளே நுண்துளைகள் மிச்சமிருக்கும்; ஓசையை அளவோடு விட்டு உடனே அடக்கிக்கொள்ளும். மானாமதுரையில் கடம் செய்கிறவர்கள், சக்கரத்தில் வனைந்த பானையை உள்ளே கல் கொடுத்து வெளியே மரப்பலகையால் அடித்து அடித்துச் சுவரைக் கெட்டியாக்குவார்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக வர வேண்டும். அந்த வேலையின் அருமைக்காக மானாமதுரை மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. களிமண்ணைத் தொட்டுப் பிழைக்கிற எல்லோருக்கும் கிடைத்ததாகவே நான் அதை எடுத்துக்கொண்டேன்.

சபாக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் வழிகாட்டும், கடம் பின்தொடரும். தனி ஆவர்த்தனத்திலும் மிருதங்கம் விட்ட இடத்தில் எடுத்துக்கொள்ளும். சவுத்தாம்ப்டன் மேடையில் அந்த வரிசை கலைந்துவிட்டது. தபலாவும் கடமும் எதிரெதிரே நின்று பேசுகின்றன. இரண்டு பேரும் கற்றுக்கொண்ட சொற்கள் வேறு, கணக்கை அமைக்கும் முறை வேறு. ஒருவர் போட்டதை மற்றவர் தன் பாஷையில் சொல்லிக் காட்டும்போது மெக்லாஃப்லின் கிடாரை அடக்கி வாசித்து இடம் விடுகிறார். கூட்டம் ஆர்ப்பரிப்பது பதிவிலேயே விழுந்திருக்கிறது. ஸ்டுடியோவாக இருந்தால் அந்தக் கைத்தட்டல் இருக்காது. அது தந்த சூட்டில் அடுத்த ஆவர்த்தனம் ஏறியிருக்கவும் செய்யாது.

அதன்பின் ராகவன் குழுவில் இல்லை. அடுத்து வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' என்ற இரண்டு ஆல்பங்களும் ஸ்டுடியோவில் பதிவானவை. ஒலி சுத்தம், வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' ஆல்பத்தில் உருப்படிகள் எல்லாம் சிறியவை. வளர்வதற்குள் முடிந்துவிடுகின்றன. எனக்கு அந்தச் சவுத்தாம்ப்டன் கச்சேரிதான் சக்தி.

நேரடிக் கச்சேரிப் பதிவைப் பொக்கிஷமாகப் பார்க்கும் வழக்கம் ராக் ரசிகர்களிடமும் ஆழமாக உண்டு. 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்கக் குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்து கைமாற்றிக்கொள்வதைத் தடுக்கவில்லை. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் அவர்கள் வாசித்த கச்சேரியை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வில் சேர்த்தது. நம் ஊர் ரசிகர்களும் ஸ்பூல் டேப்பில் கச்சேரிகளைப் பிடித்து, ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் பிரதி எடுத்துக் காப்பாற்றியவர்கள்தான். கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991இல் 'பிளானட் டிரம்' ஆல்பத்தைச் செய்தபோது, ஜாகிரையும் விக்குவையும் அழைத்துக்கொண்டார். உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருது அதற்குத்தான் போனது. ராக் டிரம் செட்டுக்குப் பக்கத்தில் நம் மண்பானை.

கேட்க நினைப்பவர்கள் நடுவிலிருக்கும் 'லோட்டஸ் ஃபீட்'டில் தொடங்கலாம். நிதானமான மெட்டு; குழுவின் குரல் காதுக்குப் பழகும். பிறகு 'ஜாய்'. மூன்றாவதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்; போன் ஸ்பீக்கரில் வேண்டாம், கடத்தின் அடிநாதம் அதில் வராது, சாதாரண ஹெட்போன் போதும். முதல் தடவை எல்லாவற்றையும் கேளுங்கள். இரண்டாம் தடவை வயலினும் கிடாரும் என்ன செய்தாலும் பொருட்படுத்தாமல் கடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். தாளம் போடத் தெரிந்தவர்கள் தொடையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். எங்காவது தவறிவிட்டால் நிறுத்திவிடாமல், அவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து விழும் இடம் வரை காத்திருந்து அங்கே சேர்ந்துகொள்ளுங்கள்.