பொட்டோமாக் ஆற்று மீட்பு (1982)

பொட்டோமாக் ஆற்று மீட்பு என்பது, 1982 சனவரி 13 அன்று அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் வானூர்தி ஒன்று உறைந்த ஆற்றில் விழுந்தபோது, மீட்புப் பணியாளர்களும் வழிப்போக்கர்களும் சேர்ந்து ஐந்து உயிர்களைக் காப்பாற்றிய நிகழ்வாகும்.

விபத்து

கடும் பனிப்பொழிவில் புறப்பட்ட ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தியின் இறக்கைகளில் பனி படிந்திருந்தது. எந்திரங்களில் பனி உறைவதைத் தடுக்கும் அமைப்பும் இயக்கப்படவில்லை. இதனால் போதிய உயரம் எழ முடியாமல் அது 14ஆம் தெருப் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. வானூர்தியில் இருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் வண்டிகளில் சென்ற 4 பேரும் இறந்தனர்.

மீட்பு

மோதலில் தப்பிய ஆறு பேர் வால்பகுதியைப் பற்றிக்கொண்டு நீரில் தவித்தனர். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரோஜர் ஒலியன் என்ற தொழிலாளி முதலில் ஆற்றில் இறங்கினார். கரையில் நின்றவர்கள் கிடைத்த பொருள்களை முடிந்து கயிறாக்கி அவரைப் பிணைத்தனர். பனிக்கட்டிகள் தடுத்ததால் அவரால் அவர்களை எட்ட முடியவில்லை. ஆயினும் உதவி வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டனர்.

பின்னர் பூங்காக் காவல்துறையின் உலங்கு வானூர்தி வந்தது. டொனால்ட் அஷர் அதனை நீர்மட்டத்தை ஒட்டி இயக்க, ஜீன் வின்ட்சர் கயிற்றை வீசினார். ஆர்லண்ட் வில்லியம்சு என்ற பயணி தம்மிடம் வந்த கயிற்றைத் தாம் பற்றிக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்தார். இறுதியில் அவரைத் தேடி வந்தபோது அவர் மூழ்கிவிட்டிருந்தார். குளிரால் கைகள் மரத்துக் கயிற்றை நழுவவிட்ட ஒரு பெண்ணை, கரையில் நின்ற அரசு ஊழியர் லென்னி ஸ்கட்னிக் நீந்திச் சென்று மீட்டார்.

வில்லியம்சு இன்னார் என்பது உடனே தெரியவில்லை. இறந்த பயணிகளுள் நீரில் மூழ்கி இறந்தவர் அவர் ஒருவரே என்பதைப் பிணக்கூறாய்வு காட்டியது. அதன் வழியே அவர் அடையாளம் காணப்பட்டார்.

நினைவு

வில்லியம்சு, ஸ்கட்னிக், ஒலியன் மூவருக்கும் கடலோரக் காவல்படையின் தங்க உயிர்காப்புப் பதக்கம் வழங்கப்பட்டது. பாலத்துக்கு வில்லியம்சின் பெயர் சூட்டப்பட்டது.

கற்க வேண்டியது

நீரில் தவிப்பவரைக் கண்டால், முதலில் உதவிக்கு ஆள் அழைத்து, கரையில் நின்றபடியே கயிறோ கழியோ மிதக்கும் பொருளோ நீட்டுவதே பாதுகாப்பான முறையாகும். பயிற்சியின்றி நீரில் குதிப்பவர் தாமே மூழ்கக்கூடும். கரையில் நின்று ஒலியனின் கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை. எனினும் அவரைக் கரைக்கு மீட்டது அவர்கள் கைகளே.