லாடம் அடிக்க எது நல்ல மாதம்?

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் ஐயப்பன்தாங்கலைக் கடப்பவர்கள் இன்று பேருந்துப் பணிமனையையும் அடுக்குமாடிகளையும் மெட்ரோ தூண்களையும்தான் பார்க்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்தில் இந்தச் சாலையில் மாட்டுவண்டிகள் ஓடின. கிழக்கே கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே குதிரைப் பந்தயம் நடந்தது. நகரக் காவல் துறையின் குதிரைப்படை புதுப்பேட்டையில் இருக்கிறது. மெரினாவில் சவாரிக் குதிரைகள் நிற்கின்றன. இந்தப் பக்கத்தில் லாடத் தொழில் செய்பவர் வானத்தையும் பார்க்க வேண்டும், குளம்பையும் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைப்பது தண்ணீர்.

குளம்பு என்பது நம் விரல் நகத்தைப் போலக் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் வெளிச்சுவரில் மேலிருந்து கீழாக நுண்குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குதிரைக் குளம்பின் சுவரில் ஏறக்குறைய கால் பங்கு ஈரம் இருக்கும். அடிப்பாகத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. உள்ளங்காலின் நடுவே முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியில் பாதிக்குப் பாதி நீர். இந்த அளவு மாறினால் குளம்பின் வலிமையும் மாறும்.

சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. சேற்றிலும் ஈர லாயத்திலும் நாள்கணக்கில் நிற்கும் குதிரையின் குளம்பு நீரை உறிஞ்சி மென்மையாகும். ஆணி இறங்கிய துளை அகலும், லாடம் ஆடும். ஆடுகிற லாடத்தைக் கூடுதல் ஆணி அடித்து நிறுத்தலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு புதுத் துளையும் சுவரை மேலும் பலவீனமாக்கும். உள்ளங்காலின் பள்ளங்களில் சாணமும் சேறும் தங்கினால், காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். கருப்பாகக் கசியும் திரவமும் கெட்ட நாற்றமும் அதன் அடையாளம். மழை மாதங்களில் லாடக்காரர் கையில் சுத்தியலைவிட அதிக வேலை செய்ய வேண்டியது பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவிதான். லாயம் உலர்ந்திருக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் வற்புறுத்துவதும் அவர் வேலையே.

அக்னி நட்சத்திரக் காலத்தில் சிக்கல் தலைகீழாகும். ஈரம் வற்றிய சுவர் இறுகி, ஆணி இறங்கும்போது பிளக்கப் பார்க்கும். கத்திக்கும் அரத்துக்கும் வேலை கடினமாகும். சீவுவதற்கு முன் குளம்பைக் கொஞ்சம் நனைத்தால் போதும். நாள்தோறும் ஊறவைத்து உலரவைப்பது நல்லதல்ல. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும்போதுதான் வெடிப்பு கூடும்.

மாட்டு லாடத்தின் பருவம் வேறு. தொழியில் உழும் காளைக்கு லாடம் தேவையில்லை, அடித்தாலும் லாடத்தைச் சேறே இழுத்துக்கொள்ளும். அறுவடை முடிந்து தை பிறந்ததும் வண்டி கல்லிலும் தாரிலும் ஓடும். குளம்பு தேயத் தொடங்குவது அப்போதுதான். மாட்டின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். தார்ச்சாலை அதைவிட வேகமாகத் தேய்த்துவிடும். அந்த இழப்பை இரும்பு ஏற்றுக்கொள்கிறது. பிளந்த குளம்பு என்பதால் பாதி பாதியாக இரண்டு தகடுகள். குதிரை மூன்று காலில் நிற்கப் பழகும், அதனால் காலை மடியில் தூக்கி வைத்து லாடம் அடிக்கலாம். காளை அப்படி நிற்காது. கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைக் கட்டித்தான் வேலை செய்ய வேண்டும். உழவுக்கு டிராக்டரும் பாரத்துக்கு லாரியும் வந்தபின் இந்த வேலை மேற்குப் புறநகரில் சுருங்கிப்போனது. பந்தயக் குதிரைகளும் பல தலைமுறைகளாகக் கிண்டியிலிருந்து கோடைக்கு உதகை ஏறுவது வழக்கமாக இருந்தது. லாட வேலையும் அவற்றோடு மலையேறியது.

அப்படியானால் தொழிலை எந்தக் கணக்கில் நடத்துவது? குதிரைக் குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் அடித்த ஆறு வாரத்தில் முன்பக்கம் நீண்டு, பாதத்தின் கோணம் மாறி, பின்தசைநாரின் மேல் இழுவிசை கூடும். எனவே லாடம் தேயாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி, பொருத்தி அடிக்க வேண்டும். பின்பாதிப் பக்கத்தில் ஆணி அடிக்காமல் விடுவது, ஒவ்வொரு அடியிலும் குதிகால் விரிந்து சுருங்க இடம் தருவதற்காக. சுவரின் உட்புற வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஆணி போனால் உணர்வுள்ள சதையைத் தொடும். சிறிய வித்தியாசத்திலேயே குதிரை நொண்டும்.

குளம்பின் முன்பக்க மேல் விளிம்பில் முளைக்கும் பகுதி தரையைத் தொட ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். ஐப்பசியில் தீவனக் குறைவாலோ நோயாலோ ஏற்பட்ட பலவீனம், அடுத்த ஆடி, ஆவணியில்தான் லாடத்தின் ஆணியைத் தாங்கும் இடத்துக்கு வந்து சேரும். குளம்பின் மேல் ஓடும் வளையங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு வரப்போகும் வேலை முன்கூட்டியே தெரியும். லாடம் கழன்றபின் மட்டும் ஆளைக் கூப்பிடும் உரிமையாளருக்கு இந்த முன்னறிவு கிடைக்காது.

இந்தியத் தரைப்படை மீரட்டில் தன் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர்களுக்கு முறையான பயிற்சி தருகிறது. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி குளம்பு நோய்களை அறிந்த மருத்துவர்களை உருவாக்குகிறது. இந்த மருத்துவர்களுக்கும் லாடக்காரருக்கும் இடையில் பேச்சு வேண்டும். சிறிய லாயமோ பெரிய லாயமோ, ஒவ்வொரு குதிரைக்கும் லாடம் மாற்றிய தேதியும் குளம்பின் நிலையும் எழுதிய ஒரு குறிப்பேடு இருக்கட்டும். வெயில், மழை எதற்கும் காத்திராமல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒருவருக்குத் திட்டவட்டமான கூலியும் மரியாதையும் கிடைக்கட்டும். அப்போது மழைக்கால நோயும் கோடை வெடிப்பும் தொடக்கத்திலேயே பிடிபடும். அதனால் லாபம் அடைவது முதலில் விலங்குதான்.