தகவல் சொல்ல வேண்டியவர் யார்?

நம் மண்டபத்தில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். சில காலத்துக்கு முன் ஒரு நாள், அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கும் டீச்சர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அந்தப் பிள்ளையின் காதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். பார்த்தேன். காது மடலின் பின்புறம் நீலம் பாய்ந்திருந்தது. "நான் இதை யாரிடமாவது சொல்லலாமா? நான் வெறும் டியூஷன் டீச்சர்தானே? தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார். அவர் கேட்டதற்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அவர் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மெர்கோங்கில் குடியேறுவதற்கு முன் நான் தென் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக வேலை பார்த்தவன். 1984ஆம் ஆண்டில் மூன்று வயதுப் பையன் ஒருவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டு பாதங்களும் வெந்திருந்தன. கணுக்காலுக்கு மேலே, காலுறை போட்டது போல ஒரே அளவில் கோடு. தானாக வெந்நீரில் கால் வைக்கும் பிள்ளை உதறிக்கொண்டு ஓடும். தெறித்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கொப்புளம் இருக்கும். இரண்டு காலிலும் ஒரே கோடு விழாது. யாரோ பிடித்து வைத்திருந்தால்தான் விழும். இது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் பதிவேட்டில் "வெந்நீர் கொட்டியது" என்று எழுதி, மருந்து கட்டி அனுப்பிவிட்டேன். அவன் தகப்பன் என் லயத்துக்கு அடுத்த லயம். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர். இரண்டு மாதத்தில் அக்குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு அவனைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை.

அப்போது சொல்லத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் இல்லை. அமெரிக்காவில் டாக்டர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும் 1962இல், அடிபட்ட குழந்தைகளிடம் காணும் அடையாளங்களைத் தொகுத்து ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார்கள். ஐந்தே ஆண்டுகளில் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் தகவல் கொடுக்கும் கடமை சட்டமாயிற்று. நம் நாட்டில் 1985இல் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இத்தகைய குழந்தைகளுக்கென முதல் மருத்துவக் குழு அமைந்தது. 1990இல் தலைநகரில் இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தை ஒன்று கொடுமைக்குள்ளாகி இறந்தது. நாடே கொதித்தது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பின்னர் அது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் இணைந்து, 2002 ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் மூன்று வகையினரைக் குறிப்பிட்டுத் தகவல் சொல்லும் கடமையை விதித்தது. 27ஆம் பிரிவு மருத்துவர்களுக்கு. 28ஆம் பிரிவு குடும்பத்தாருக்கு. ஒரே வீட்டில் வசிக்கும் பாட்டியும் சித்தப்பாவும்கூட இதில் அடங்குவர். 29ஆம் பிரிவு, கூலி வாங்கிக்கொண்டு பிள்ளை பார்ப்பவர்களுக்கு. மருத்துவரோ பிள்ளை பார்ப்பவரோ தெரிந்தும் சொல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குடும்பத்தாரை முதலில் நிபந்தனைப் பிணையில் விடுவார்கள். நிபந்தனையை மீறினால் தண்டனை உண்டு.

இந்த 29ஆம் பிரிவை நம்மவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது நினைவிருக்கும். விடியற்காலை பால்மரம் சீவப் போகும் தாய், தூங்கும் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டுப் போவாள். இன்று அந்த ஆயாவின் இடத்தில், தாமான் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இருக்கிறார். குளிப்பாட்டும்போது முதுகைப் பார்ப்பவர் அவர்தான். டாக்டருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவருக்கு இப்படி ஒரு கடமை இருப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டம் கேட்பது ஆதாரத்தை அன்று. "நியாயமான காரணத்தோடு நம்பினால்" போதும் என்கிறது. அடித்தவர் யார், ஏன், எதனால் என்பதை விசாரிப்பது அதிகாரிகளின் வேலை. நாமோ முழு நிச்சயம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். நான் காத்திருந்ததும் அப்படித்தான். நடக்கப் பழகிய பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் படுவது இயற்கை. காதிலும் கன்னத்திலும் முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் தடிப்பு இருந்தால், இன்னும் தவழாத குழந்தைக்குக் கன்றிப்போயிருந்தால், பெற்றோர் சொல்லும் கதை நாளுக்கு நாள் மாறினால், அதுவே நியாயமான காரணம்.

அந்த மூவரில் ஆசிரியரைச் சேர்க்கவில்லையே என்று அன்பர்கள் கேட்கலாம். எனக்கும் அது குறையாகவே படுகிறது. என்னைப் போன்ற டிரெசருக்கும் அதில் இடமில்லை. மருத்துவராகப் பதிவு பெற்றவர்களையே 27ஆம் பிரிவு குறித்தது. ஆனால் பாலியல் கொடுமை என்றால் கதை வேறு. 2017ஆம் ஆண்டுச் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். தமிழ்நாட்டிலும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் அப்படியே எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. அங்கே ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பலருக்கு. சமூக நல இலாகாவின் பாதுகாவலர் பிள்ளையைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். நீதிமன்றம் பெற்றோரிடமே, நல்லபடி பார்த்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு, திருப்பி ஒப்படைக்கவும் கூடும். தகவல் கொடுத்தவரைப் பாதுகாக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அன்று மாலை டீச்சரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்களுக்குக் கடமை உண்டா இல்லையா என்று பிறகு பார்ப்போம், இப்போது கூப்பிடுவோம்" என்றேன். இரவு பகல் எந்நேரமும் இயங்கும் தாலியான் காசே, எண் 15999. டீச்சர்தான் பேசினார். பார்த்ததை மட்டும் சொன்னார். எந்தக் காது, எந்த நிறம், பிள்ளை என்ன சொன்னது. யார் மீதும் பழி சொல்லவில்லை. பேசி முடித்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை யார், ஆணா பெண்ணா, பிறகு என்ன நடந்தது என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாதென்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கேட்க வேண்டாம்.