உஷார்! ஜீப்பின் தரை அதிர்கிறதா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கிறீர்களா? ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் 'உம்ம்' என்று ஓர் அதிர்வு கிளம்புகிறதா? "கிழட்டு வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்த அதிர்வு புரொப்பல்லர் ஷாஃப்டிலிருந்து வருகிறதென்றால், உங்களுக்கு அடியில் கனத்த இரும்புக் குழாய் ஒன்று கழன்று விழ நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மிகையில்லை. பின் ஷாஃப்டின் முன்முனைக் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) உடைந்தால் அந்த முனை தொங்கி ரோட்டில் குத்தும். வேகத்தில் குத்தினால் வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். பின்முனை உடைந்தால், சுழன்றபடியே அடித்தளம், பிரேக் குழாய் என்று அகப்பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளிலும் பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டரிலும் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும் டிரம்மைத்தான் அது பிடிக்கிறது. டூ வீலில் ஓடும்போது பின் ஷாஃப்ட் போனால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு. கியரில் போட்டும் வண்டியை நிறுத்த முடியாது, இன்ஜினின் பிடி சக்கரத்துக்குப் போவதும் அதே ஷாஃப்ட் வழியாகத்தானே! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் இது நடந்தால் கால்பிரேக்தான் கதி.

சரி, அதிர்வு எங்கிருந்து வருகிறது? 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 450 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 2,200 சுற்றுக்கு மேல். அதனால் சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கில் மெதுவான உதறலாகக் கைக்குத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு நுண்ணிய ரீங்காரமாகக் காலுக்குத் தெரியும். சேற்றில் இறங்கி வந்த வண்டியென்றால் முதலில் ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருடைய 'கோளாறு' அதோடு தீர்ந்துவிடும் என்பது என் ஊகம்.

தீரவில்லையா? ஆளில்லாத சமதள ரோட்டில், அதிரும் வேகத்திலேயே நியூட்ரலுக்கு மாற்றுங்கள் (மலையிறக்கத்தில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்). அதிர்வு தொடர்ந்தால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். நின்றுவிட்டால் உடனே இன்ஜின்மேல் பழி போடாதீர்கள். வண்டியை நிறுத்தி, அதே அளவுக்கு இன்ஜினை ரேஸ் செய்து பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் மவுண்டையோ கிளட்ச்சையோ பார்க்க வேண்டும். அதிராவிட்டால், பளு ஏறும்போது மட்டும் ஆட்டம் காட்டும் பினியன் பேரிங்கோ கோணம் கெட்ட கிராஸோதான். முன்பக்கத்தின்மேல் சந்தேகமென்றால் ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டுங்கள்; முன் ஷாஃப்ட் சுழலாது. அதிர்வும் போய்விட்டால் ஆள் அகப்பட்டான்.

இனி வண்டிக்கு அடியில் போக வேண்டும். உயிர் போவது இங்கேதான். மேலே சொன்ன ஹேண்ட்பிரேக்கை நம்பி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் உருளும். டிஃபரென்ஷியலின் வேலையே அதுதான். பிரேக் போட்டபடி இருக்க, வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி உங்கள்மேல் வரும். ஷாஃப்டைக் கழற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல், ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். சக்கரத்தைத் தூக்கி இன்ஜினை ஓடவிட்டுக் கீழே படுத்து "பார்க்கும்" மெக்கானிக்கிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிராஸ் கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து அரைபடுகிறது. ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகுங்கள். ஃபோர்க்குக்கும் கிராஸுக்கும் நடுவே துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்தக் கிராஸ் முடிந்தது. கிரீஸ் அடித்து அதற்கு உயிர் கொடுக்க முடியாது.

புதுக் கிராஸ் போட்ட பிறகு அதிர்வு தொடங்கியதா? ஷாஃப்டின் இரு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்லிணைப்பான ஸ்ப்ளைனைச் சந்தேகப்படுங்கள். கோணத்தில் வேலை செய்யும் கிராஸ், ஷாஃப்டை ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைவாகி இரண்டு முறை தளரும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் ஷாஃப்டின் இரு முனை ஃபோர்க்குகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்ப்ளைன் ஒரு பல் தள்ளி ஏறினாலே கணக்குக் கெட்டுவிடும். கழற்றும் முன் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தால் போதும், இந்த வம்பே இல்லை. உயரத்துக்கு ஆசைப்பட்டு நீள ஷேக்கிளும் தடித்த ஸ்பிரிங்கும் மாட்டியவர்களுக்கு இரு முனைக் கோணமும் மாறியிருக்கும். எத்தனை கிராஸ் மாற்றினாலும் தாங்காது.

வழியிலேயே பின் ஷாஃப்ட் உடைந்துவிட்டால்? கால்பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள். கூட வந்தவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கட்டும், ஹப்பைப் பூட்டட்டும். பிறகு ஃபோர் வீலுக்கு மாற்றுங்கள். முன் ஷாஃப்ட் வழியாக இன்ஜினும் அந்த ஹேண்ட்பிரேக்கும் மறுபடி வண்டியைப் பிடிக்கும். தொங்கும் துண்டை முழுதாகக் கழற்றி, பிரேக் குழாய் நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.