ஸ்கேன் மெஷினோட ஞாபகசக்தி

ஸ்கேன் மெஷின்ல பட்டன்களுக்கு நடுவுல ஒரு பந்து இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? டிராக்பால். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்தது அரியலூர்ல. அஞ்சாம் மாச ஸ்கேனுக்குப் பெரம்பலூர்ல நம்ம வீட்டுக்கு வந்திருந்தா. துணைக்கு நான் போனேன். டாக்டர் ஜெல் தடவி, பேசிக்கிட்டே பார்த்துட்டு வந்தாங்க. குழந்தையோட இதயம் வந்ததும் பேச்சு நின்னுபோச்சு. ஃப்ரீஸ் பட்டனை அழுத்தினாங்க. நாலு அறை தெரிஞ்சுது. நடுச்சுவர்ல ஒரு கறுப்பு இடைவெளி. எனக்கே ஓட்டை மாதிரி தெரிஞ்சுது. அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

டாக்டர் அதை சேவ் பண்ணிட்டு மறுபடி பார்த்தாங்க. குழந்தை முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்திருச்சு. "சரி, பின்னாடி போய்ப் பார்ப்போம்"னு பந்தை உருட்டினாங்க.

இங்கதான் விஷயம். நாம திரையில பார்க்கிறது ஒரு போட்டோ இல்ல, நொடிக்குப் பல படங்கள். கடைசி சில நொடிப் படங்களை மெஷின் தன் நினைவுல வச்சுக்கிட்டே இருக்கும். பேரு சினி லூப். ஃப்ரீஸ் பண்ணிப் பந்தை உருட்டினா ஒவ்வொரு படமா பின்னாடி போகலாம். கருவோட இதயம் நிமிஷத்துக்கு 110-லேர்ந்து 160 தடவை துடிக்கும். அந்த வேகத்துக்குக் கண்ணு ஈடுகொடுக்காது. பந்து கொடுக்கும்.

டாக்டர் உருட்ட உருட்ட, வேற சில படங்கள்ல அதே சுவர் முழுசா இருந்துச்சு. காரணம் இதுதான்: ஒலி அலை சுவருக்கு இணையா போனா, மெல்லிசான இடத்துல எதிரொலி சரியா திரும்பாது. திரையில கறுப்பா விழும். குறுக்கே மோதினா சுவர் தெரியும். நிஜமான ஓட்டைன்னா கோணம் மாறினாலும் தெரியணும்.

"கொஞ்சம் நடந்துட்டு வாங்க"ன்னு அனுப்பி, அரைமணி கழிச்சுக் குறுக்குக் கோணத்துலயும் பார்த்துட்டுத்தான் "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னாங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ஃப்ரீஸை எடுத்துட்டா, சேவ் பண்ணாத படங்கள் பொதுவா போயிடும். கையில கொடுக்கிற பிரிண்ட் அதுல ஒரே ஒரு படம். அதனால இன்னொரு டாக்டர்கிட்ட காட்டப்போறீங்கன்னா, "கிளிப் சேவ் ஆகியிருக்கா டாக்டர்?"னு கேளுங்க.

வெளியில வர்றப்போ சுவர்ல அந்த போர்டு: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது. நம்ம ஊருக்கு அது வெறும் சம்பிரதாயம் இல்ல. 2011 கணக்கெடுப்புல ஆறு வயசு வரைக்கும் 1,000 ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தைகள் பெரம்பலூர்ல 913, அரியலூர்ல 897. தமிழ்நாட்டு சராசரி 943. பாலினத்தைச் சொல்றது குற்றம்னு 1994-லயே சட்டம் வந்தாச்சு.

மகாராஷ்டிராவுல கோலாப்பூர் மாவட்டம் இதுக்கு மெஷினோட ஞாபகத்தையே சாட்சியாக்கப் பார்த்துச்சு. ஸ்கேன் படங்களைத் தானா பதிஞ்சு வைக்கிற 'சைலன்ட் அப்சர்வர்' கருவியை மாட்டச் சொன்னாங்க. டாக்டர்கள் தரப்பு வழக்கு போட்டுச்சு. 2011-ல மும்பை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும்னு சொல்லிருச்சு.

ஆனா படம் பதிவாகும், அந்த அறையில யார் யார்கிட்ட என்ன சொன்னாங்கன்னு படத்துல இருக்காது. அந்த இடத்துல மெஷின் இல்ல, மனுஷங்கதான் சரியா இருக்கணும்.

அரியலூர் பஸ்ல ஏத்திவிடப் போனப்போ அக்காவுக்கு மாமியார்கிட்டருந்து போன். "என்னவாம்மா?"

"இதயம் நல்லா இருக்காம் அத்தை"ன்னா அக்கா.

எதிர்முனையில ஒரு நிமிஷம் சத்தமில்ல. அப்புறம், "அது போதும். பார்த்து வா"ன்னாங்க.